டீசல் எஸ்யூவியில் பேடில் ஷிஃப்டர் வருமா? வந்தால் பயன் உண்டா, சும்மா அலங்காரமா?

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் இழுத்து கியரை மாற்ற வைத்திருக்கும் இரண்டு சின்னத் தகடுகள்தான் பேடில் ஷிஃப்டர். வலது பக்கம் பிளஸ், கியரை ஏற்றும். இடது பக்கம் மைனஸ், இறக்கும். டீசலிலும் வரும். பயனும் உண்டு. ஆனால் ஷோரூமில் சொல்கிற பயன் அல்ல.

நீங்கள் இப்போது இரண்டு வேரியன்ட்டுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்றில் பேடில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. வீட்டில் யாராவது "ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அது எதுக்கு?" என்று கேட்டிருப்பார்கள். என் வீட்டில் கேட்டது மனைவியின் அண்ணன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலை விட்டு டிக் டிக்கென்று தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, வீடியோ கேமா?" என்றார்.

அவர் கேலி அப்போது சரியாகத்தான் பட்டது. வாங்கிய முதல் வாரம் ஆசைக்கு நாலைந்து முறை இழுத்துப் பார்த்தேன், வேகத்தில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. டீசல் இன்ஜினின் இழுவை சீக்கிரம் வந்து சீக்கிரம் முடிந்துவிடும். டாடா ஹாரியர், சஃபாரியில் இருக்கும் 2 லிட்டர் டீசல் இன்ஜினில் 350 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முழு இழுவிசை, 1750-லிருந்து 2500 ஆர்பிஎம்முக்குள் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) கிடைக்கிறது. 3750-ல் முழு பவரும் வந்துவிடும். அதற்கு மேல் சத்தம்தான். பெட்ரோல் மாதிரி 6000 வரை விரட்டிப் போய் கியரை மாற்றும் சுகம் இதில் கிடையாது. 1989-ல் ஃபெராரி ஃபார்முலா 1 காரில் கொண்டுவந்த சமாச்சாரத்தை இரண்டு டன் வண்டியில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று அதை மறந்தே போனேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஏழு பேர், பின்னால் பெட்டிகள். கியர் லீவர் டி-யில், அதாவது கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும் நிலையில். சரிவில் காலை எடுத்தால் வண்டி தானாக வேகம் பிடிக்கும், கியர்பாக்ஸும் நாலு, ஐந்து என்று மேலே போய்விடும், நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரத்தில் ரப்பர் கருகுவது போல ஒரு நாற்றம். முன்னால் போன லாரியின் பிரேக் நாற்றம் என்று நினைத்து அந்த டிரைவரைத் திட்டினேன். அடுத்த கொண்டை ஊசி வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனபோதுதான் நாற்றம் யாருடையது என்று புரிந்தது. எப்படியோ ஓரம் கட்டினேன். முன்சக்கரத்திலிருந்து புகை.

அங்கே நின்றிருந்த ஒரு லாரி டிரைவர், நான் தண்ணீர் பாட்டிலோடு போவதைப் பார்த்து, "ஊத்தாதீங்க, டிஸ்க் கோணிக்கும்" என்று தடுத்தார். அப்புறம் கேட்டார்: "எந்த கியர்ல எறங்குனீங்க?" ஆட்டோமேட்டிக் என்றேன். "ஏறுன கியர்லயேதான் எறங்கணும் சார், எந்த வண்டியா இருந்தா என்ன." முக்கால் மணி நேரம் ஆறவிட்டுக் கிளம்பினோம். இடது பேடிலை இழுத்தேன். மூன்று, இரண்டு. இன்ஜின் 3000-க்கு மேல் ஏறிக் கத்தியது, வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி வேகம் அடங்கியது. "இன்ஜின் போச்சா?" என்று அம்மா கேட்டார். மீதி தூரத்துக்கு வளைவுகளில் மட்டும்தான் பிரேக். இப்படி இன்ஜினின் தடையாலேயே வேகம் அடங்குவதுதான் இன்ஜின் பிரேக்கிங்.

இதற்குக் கீழே வந்து "டீசலில் இன்ஜின் பிரேக்கிங்கே கிடையாது" என்று சொல்லப்போகிறவர்களுக்கு: பெட்ரோலை விடக் குறைவு என்பது உண்மை. காலை எடுத்ததும் பெட்ரோல் இன்ஜினில் காற்று வரும் வழி மூடிக்கொள்ளும். டீசலில் அப்படி மூடுவதில்லை. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா? கீழ் கியரில் போட்டால் அந்தக் குறைவான தடையே பல மடங்காகச் சக்கரத்துக்கு வருகிறது. இன்ஜின் கெடும் என்பவர்களுக்கு: ஆர்பிஎம் எல்லை தாண்டும் என்றால் கம்ப்யூட்டர் கியரை இறக்கவே விடாது. "கியர் லீவரிலேயே செய்யலாமே" என்பவர்களுக்கு: செய்யலாம், தாராளமாக. இந்தியாவில் கடைசியாக விற்ற ஃபோர்டு எண்டேவரில் லீவரிலேயே பிளஸ், மைனஸ் பட்டன் இருந்தது, அதுவும் இதே வேலைதான். பேடில் இருந்தால் கை ஸ்டீயரிங்கை விட்டு வர வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் கியரை நாமே மாற்றிக்கொள்ளும் மேனுவல் மோடு இருந்து பேடில் மட்டும் இல்லையென்றால் அதற்காக வண்டியை ஒதுக்காதீர்கள். வெளியே வாங்கி ஒயர் இழுத்து மாட்டவும் வேண்டாம், ஏர்பேக் இணைப்பு போகிற இடம் அது.

எதில் வருகிறது என்றால், டொயோட்டா ஃபார்ச்சூனர் டீசல் ஆட்டோமேட்டிக்கில் உண்டு. ஹாரியர், சஃபாரியில் 2023 மாற்றத்தோடு வந்தது. எல்லா வேரியன்ட்டிலும் இருக்காது, கையால் தொட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

தொடும்போது ஏசி திருகு இருக்கிறதா என்றும் பாருங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் யாரும் கேட்காத பேடிலைக் கொடுத்துவிட்டு, தினமும் தேவைப்படும் திருகைப் பிடுங்கி டச் ஸ்கிரீனுக்குள் புதைத்தவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். கண்ணாடியில் பனி படர்ந்தால் மெனுவுக்குள் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

போன மாதம் அதே மலையில் இறங்கும்போது ஓட்டியது மச்சான்தான். இரண்டாவது வளைவிலேயே, "மாப்பிள்ளை, மைனஸ் எந்தப் பக்கம்?" என்றார். இடது என்றேன். என் வண்டியில் பேடில் ஸ்டீயரிங்கோடு சேர்ந்தே சுற்றும், வளைவுக்கு முன்னாலேயே இழுத்துவிட வேண்டும். அதைச் சொல்வதற்குள் ஸ்டீயரிங் பாதி சுற்றியிருந்தது. அவர் இடது கைப் பக்கம் இழுத்தது பிளஸ்.