மாஸ்டரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்

கேள்வி: பதினைந்து வயதிலிருந்து எங்கள் ஊர் பாக்சிங் கிளப்பில் பயிற்சி எடுக்கிறேன். இப்போது வயது 19. மாஸ்டர் மாதம் 30 வெள்ளிதான் வாங்குவார், அப்பாவுக்கு வேலை இல்லாத சமயத்தில் அதையும் வாங்கவில்லை. ரெண்டு மாதமாக அவருக்குத் தெரியாமல் ஈப்போவில் ஒரு பெரிய ஜிம்முக்கும் போய் வருகிறேன். அங்கேயே சேர்ந்துவிட முடிவு செய்துவிட்டேன். மாஸ்டர் மனம் நோகாமல் எப்படி விலகுவது? ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாறிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டால் போதுமா? அம்மா இதை நன்றி கெட்டதனம் என்கிறார்.
— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: போதாது, தம்பி. முதலில் அந்த ஷிஃப்ட் பொய்யைத் தூக்கிப் போடுங்கள். சுங்கை சிப்புட் என்ன அவ்வளவு பெரிய ஊரா? ஈப்போ இருப்பதோ மோட்டாரில் போய் வருகிற தூரத்தில், பேராக்கில் பாக்சிங் சொல்லிக்கொடுக்கிறவர்கள் போட்டிக்குப் போட்டி ஒருவரையொருவர் பார்க்கிறவர்கள், நீங்கள் அங்கே குத்துப் பையில் குத்துவதை யாராவது வீடியோ எடுத்து டிக்டாக்கில் போட்டால் அன்று ராத்திரிக்குள் மாஸ்டர் கைக்கு வந்துவிடும். ஒருவேளை இப்போதே அவருக்குத் தெரிந்திருக்கலாம், நீங்களே வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கலாம்.

அம்மாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விலகுவது நன்றி கெட்டதனம் இல்லை. சின்னக் கிளப்பில் உங்கள் எடைக்கு ஒருவனோ இருவரோதான் இருப்பார்கள், அவர்களோடே நாலு வருஷம் மோதினால் அவன் இடது கை எப்போது வரும் என்று உங்களுக்கும், நீங்கள் எந்தப் பக்கம் சாய்வீர்கள் என்று அவனுக்கும் மனப்பாடம் ஆகிவிடும். புதுக் கைகள், புது உயரங்கள் வேண்டும். நல்ல மாஸ்டருக்கு இது தெரியும். ரெண்டு மாதம் ஒளித்து வைத்தீர்களே, அதுதான் தப்பு.

“மனம் நோகாமல்” என்று கேட்கிறீர்கள். அது நடக்காது, நோகத்தான் செய்யும். பதினைந்து வயதில் உங்கள் கையை இழுத்துப் பிடித்து, கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி, விரல் இடுக்குகளில் விட்டு பேண்டேஜ் கட்டி, “மூடு, திற, இறுக்கமா இருக்கா?” என்று கேட்டவர் அவர். உங்கள் குத்தையெல்லாம் கையில் மாட்டிய பேடில் வாங்கி வாங்கி அவருக்கு முழங்கையும் தோளும் வலித்திருக்கும், பேட் பிடிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்பேர்ப்பட்டவருக்கு நீங்கள் போவதே ஒரு வலி. அதைத் தடுக்க உங்களால் முடியாது. ஆனால் அடுத்தவர் வாயால் கேட்கிற வலியை நீங்கள் தடுக்கலாம், அது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2001-லிருந்து அவருக்கு ஃபிரெட்டி ரோச்தான் பயிற்சியாளராக இருந்தார். 2018 ஜூலை 15-ஆம் தேதி நம் கோலாலம்பூரில், புக்கிட் ஜாலில் ஆக்சியாத்தா அரங்கில் அர்ஜென்டினாவின் லூகாஸ் மத்தீஸேயோடு மோதியபோது, பயிற்சியாளர் நிற்கிற ரிங் மூலையில் ரோச் இல்லை, பழைய சகா பூபோய் ஃபெர்னாண்டஸ்தான் நின்றார். ஏழாவது சுற்றில் பாக்கியாவ் ஜெயித்துவிட்டார், ஆக முடிவு தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ரோச் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார், மாற்றியதற்காக அல்ல, பாக்கியாவ் தானே கூப்பிட்டுச் சொல்லவில்லை என்பதற்காக. அத்தனை வருஷம் கூடவே நின்ற மனிதர், உலகமே அறிந்த பயிற்சியாளர், அவர் எதிர்பார்த்தது ஒரே ஒரு போன். அப்புறம் ரெண்டு பேரும் பேசி, 2019 ஜனவரியில் புரோனரோடு நடந்த சண்டைக்கு ரோச் மூலைக்குத் திரும்பினார், அது வேறு விஷயம்.

சரி, எப்படிச் சொல்வது? கிளாஸ் முடிந்து சின்னப் பிள்ளைகள் போன பிறகு, பைகளைக் கழற்றி வைக்கிற நேரத்தில் கூடவே நின்று உதவி செய்துகொண்டே சொல்லுங்கள். “மாஸ்டர், ஈப்போவில் சேரப் போறேன். ரெண்டு மாசமா அங்கே போய்க்கிட்டு இருக்கேன், உங்ககிட்ட சொல்லாதது என் தப்பு. என்னை வளர்த்தது நீங்க.” இவ்வளவு போதும். அங்கே நிஜ ரிங் இருக்கிறது, ஏர்கோன் இருக்கிறது, கோச் தேசிய அளவில் ஆடியவர் என்று ஒப்பிட ஆரம்பிக்காதீர்கள், தோட்டத்து டேவானில் (மண்டபத்தில்) சிமெண்டுத் தரையில் பாய் விரித்துக் கிளப் நடத்துகிறவருக்குத் தன்னிடம் இல்லாததெல்லாம் தெரியும். அவர் கோபப்பட்டால் நின்று கேளுங்கள். எதிர்த்துப் பேசவும் வேண்டாம், மன்றாடி முடிவை மாற்றிக்கொள்ளவும் வேண்டாம். ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டால் விடுங்கள், ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

கணக்கு வழக்கையும் முடியுங்கள். கிளப்பின் கிளவ்ஸ், தலைக்கவசம் வீட்டில் கிடந்தால் துடைத்துக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்பா வேலையில்லாத மாதங்களின் பணத்தை நீட்டாதீர்கள், அவர் கொடுத்ததை விலை போட்டதாகிவிடும்; அந்தத் தொகைக்கு நாலு ஜோடி பேண்டேஜ் வாங்கிக் கிளப்புக்கு வையுங்கள். உங்கள் போட்டிப் பதிவுப் புத்தகம் மாஸ்டரிடம் இருந்தால் நீங்களே கேட்டு வாங்குங்கள், புது கோச்சை விட்டுக் கேட்கச் சொல்லாதீர்கள். வரப்போகிற போட்டி எதற்காவது உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். கொடுத்திருந்தால் அந்த ஒரு போட்டியை அவர் மூலையிலேயே ஆடிவிட்டுப் போங்கள், ஈப்போக்காரர் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார். பொறுக்காதவர் என்றால் அதுவும் உங்களுக்கு இப்போதே தெரிவது நல்லது.

கிளப்பில் உங்கள் எடையில் கூட ஆடுகிற பையனை மறந்துவிடாதீர்கள். நீங்கள் போனால் அவன் எடைக்கு ஆள் கிடையாது, போட்டி நேரத்தில் தன்னைவிடப் பத்துக் கிலோ கூடியவனிடம் அடி வாங்கித்தான் தயாராக வேண்டும். ரெண்டு மாஸ்டர்களும் சம்மதித்தால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அவனோடு ஆடுங்கள். அவனையும் ஈப்போவுக்கு இழுக்காதீர்கள். அவனாகக் கேட்டால் மாஸ்டரிடம் பேசச் சொல்லுங்கள். ரெண்டு பிள்ளைகள் ஒன்றாகக் கிளம்பினாலே அந்த மாதிரிக் கிளப் ஆடிப்போய்விடும், அதை நம்பி இன்னும் சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள்.

கடைசியாக, நான் கோபமாகவே சொல்கிற விஷயம். ரெண்டு இடத்திலும் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, ஆடுகிறீர்கள்தானே? செவ்வாய்க்கிழமை ஈப்போவில் தலையில் பலமாக வாங்கியது வியாழக்கிழமை மாஸ்டருக்கு எப்படித் தெரியும்? தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத்தான் தடுக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. முதல் அடி ஆறுவதற்குள் அடுத்த அடி விழுவது உயிருக்கே ஆபத்து, உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். நீங்கள் ஓய்ந்து நிற்பதைப் பார்த்து ஸ்பாரிங்கை நிறுத்த வேண்டிய ரெண்டு பேருக்கும் நீங்கள் பாதி உண்மையைத்தான் கொடுத்திருக்கிறீர்கள். தலைவலி, குமட்டல், வெளிச்சம் பார்த்தால் கண் கூசுவது இதில் ஏதாவது இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கிளவ்ஸ். ஒன்றும் இல்லையென்றாலும், மாஸ்டரிடம் பேசி முடித்து, ஈப்போ கோச்சுக்கும் முழுக் கதையையும் சொல்கிற வரைக்கும் எந்த இடத்திலும் ஸ்பாரிங் ஆடாதீர்கள்.