அணிப் போட்டிக் கணக்கைக் காட்டி நாய்ப் பங்கு விற்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: லண்டனுக்கு வடக்கே ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறோம். எங்கள் ஊர் கிரேஹவுண்ட் டிராக், அதாவது நாய்ப் பந்தய மைதானம், அண்மையில் இன்னொரு டிராக்குடன் இரண்டு கட்டமாக அணிப் போட்டியில் மோதியது. சொந்த மைதானத்தில் 38–22 என்று ஜெயித்தோம். அவர்கள் மைதானத்தில் 20–40 என்று தோற்றோம். கூட்டிப் பார்த்தால் நான்கே புள்ளியில் கோப்பை கைநழுவிவிட்டது. எங்கள் அணியில் ஓடிய ஒரு பெண் நாயில் பத்தில் ஒரு பங்கை 600 பவுண்டுக்குத் தருவதாக நம்மவர் ஒருவர் சொல்கிறார். 'இரண்டு கட்டத்திலும் புள்ளி எடுத்த நாய், நம் டிராக்கின் தரம் ஊருக்கே தெரிந்துவிட்டது, இனி விலை ஏறும்' என்கிறார். நண்பர்கள் நால்வர் பணம் கொடுத்துவிட்டார்கள். நானும் கொடுக்கலாமா? பந்தய அட்டைகளின் படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். டிராக்கின் பெயரையும் நாயின் பெயரையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். அவற்றைச் சொன்னால் விற்பவர் யார் என்று உங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர் பக்கக் கதையை நான் கேட்கவில்லை.

முதலில் அந்த 38–22ஐப் பிரித்துப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய அட்டையின்படி ஒரு பந்தயத்தில் ஆறு நாய்கள், அணிக்கு மூன்று. முதல் நான்கு இடங்களுக்கு 4, 3, 2, 1 என்று புள்ளி. ஆக ஒரு பந்தயத்துக்குப் பத்து, ஆறு பந்தயத்துக்கு அறுபது. இந்த முறையில் ஒரு வேடிக்கை உண்டு. உங்கள் நாய் முதலாவதாக வந்து, எதிரணியின் மூன்று நாய்களும் அடுத்த மூன்று இடங்களைப் பிடித்தால், பந்தயம் உங்களுடையது, புள்ளி 4–6 என்று அவர்களுடையது. வெளி மைதானக் கட்டத்தின் மூன்றாவது பந்தயத்தில் அப்படியே நடந்திருக்கிறது, பாருங்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்களுக்கு இரண்டு புள்ளி இழந்தது தெரிந்திருக்காது.

'இரண்டு கட்டத்திலும் புள்ளி எடுத்த நாய்' என்ற விளம்பரமும் இதே ஓட்டையில்தான் நுழைகிறது. இந்த நாய் சொந்த மைதானத்தில் முதலிடம், நான்கு புள்ளி. வெளியூரில் நான்காமிடம், ஒரு புள்ளி. ஆறில் நான்காவதாக வந்ததற்குக் கிடைத்த ஒற்றைப் புள்ளியைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு விற்பனைக்கு வந்திருக்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் ஆபத்து.

அடுத்தது மைதானம். பிரிட்டனில் ஒரு டிராக்கைப் போல இன்னொன்று இருக்காது. ரோம்ஃபோர்டில் வழக்கமான ஓட்டம் 400 மீட்டர், ஹார்லோவில் 415, யார்மத்தில் 462, மன்மோரில் 480, நாட்டிங்காமிலும் டௌஸ்டரிலும் 500. தூரம் மட்டுமல்ல, வளைவின் இறுக்கம், நாய்கள் கிளம்பும் பெட்டியிலிருந்து முதல் வளைவு வரையுள்ள நேர் ஓட்டம், மணலின் கனம் எல்லாமே மாறும். வாரா வாரம் ஒரே வளைவில் ஓடிப் பழகிய நாய்க்கு எங்கே சாய வேண்டும், எங்கே அடியைச் சுருக்க வேண்டும் என்பது உடம்பில் ஏறியிருக்கும். நன்றாகச் சமைப்பவர்கூட அடுத்த வீட்டு அடுப்பில் முதல் நாள் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வார். ஆகவே இரண்டு கட்டப் போட்டியில் அவரவர் மைதானத்தில் அவரவர் ஜெயிப்பது செய்தியே இல்லை. உங்கள் டிராக் சொந்த மண்ணில் 16 புள்ளி முன்னிலை பெற்றது, அவர்கள் 20 பெற்றார்கள். இதிலிருந்து இரண்டு டிராக்கும் கிட்டத்தட்ட சமம் என்று சொல்லலாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு தனி நாயைப் பற்றி இந்தக் கணக்கு வாயே திறக்கவில்லை.

அணியில் இடம் கிடைத்ததே தரச்சான்று என்று அவர் சொல்லலாம். அணியைத் தேர்ந்தெடுப்பது டிராக்கின் பந்தய மேலாளர். அந்த வாரம் காயமில்லாமல், நல்ல ஓட்டத்தில், பயணத்துக்குத் தயாராக இருக்கும் நாய்களை அவர் எடுக்கிறார். மிகச் சிறந்த நாய்கள் பெரும்பாலும் எந்த டிராக் நாயும் கலந்துகொள்ளும், பரிசுத்தொகை பெரிதாக உள்ள திறந்த பந்தயங்களுக்காகக் காத்திருக்கும். பயிற்சியாளர் அவற்றை ஒரு கோப்பைக்காக ஐம்பது மைல் வேனில் ஏற்றிக் களைப்படையச் செய்ய விரும்பமாட்டார். எனவே 'அணி நாய்' என்றால் அந்த வாரம் கையிலிருந்தவற்றில் நல்லது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நாயின் பந்தய வரிகளை, அதாவது ஒவ்வோர் ஓட்டத்தைப் பற்றியும் அட்டையில் உள்ள ஒரு வரிக் குறிப்பை, வாசிக்க வேண்டும். அதிலும் வெளி மைதான வரியை. அதில் ஜெயித்த நாயின் நேரம் 28.60 வினாடி என்று இருக்கிறது. உங்கள் நாய் நான்கு நீளம் பின்னால். ஒரு நாய் நீளத்துக்கு 0.08 வினாடி என்பது பிரிட்டனில் வைத்துள்ள கணக்கு. ஆக 0.32 கூட்டினால் 28.92. அன்று மணல் கனமாக இருந்ததால் 'கழித்தல் 20' என்று போட்டிருக்கிறார்கள். அதாவது 0.20 வினாடியைக் கழிக்க வேண்டும். கிடைப்பது 28.72. இதைத்தான் கணக்கிட்ட நேரம் என்கிறார்கள். இந்த எண்ணை அதே டிராக்கில் அதே தூரத்தை ஓடிய மற்ற நாய்களின் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். உங்கள் ஊர் டிராக்கின் நேரத்தோடு ஒப்பிட்டு 'மீட்டருக்கு இவ்வளவு' என்று வகுத்துக் காட்டுபவரைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். வளைவுகள் வேறு, மணல் வேறு. அந்த வகுத்தலுக்குப் பொருளே இல்லை. இந்தத் தொழிலில் அதிகம் பேரை ஏமாற்றியது இந்தக் கால்குலேட்டர்தான்.

நேரத்தை வைத்து நாயை எடைபோடுவதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர் நாளை அதைத்தான் கையிலெடுப்பார். கணக்கிட்ட நேரம் மணலின் தன்மையைச் சரிசெய்கிறது, நெரிசலைச் சரிசெய்வதில்லை. முதல் வளைவில் இரண்டு நாய்கள் குறுக்கே சாய்ந்து உங்கள் நாயை நெருக்கினால் அது மூன்று நான்கு நீளம் இழந்துவிடும். நேரத்தில் அந்த இழப்பு அப்படியே தங்கிவிடும். அட்டையில் குறிப்புப் பகுதியைப் பாருங்கள். வெளியூர் வரியில் 'தாமதமாகக் கிளம்பியது', 'முதல் வளைவில் நெருக்கப்பட்டது' என்ற இரண்டு சுருக்கக் குறிகளும் இருக்கின்றன. உடனே அவர், 'பார்த்தீர்களா, நெருக்கிவிட்டார்கள், இல்லாவிட்டால் ஜெயித்திருக்கும்' என்பார். நெருக்கப்பட்ட நாயை நேரத்தை மட்டும் வைத்து ஒதுக்கக் கூடாது என்பது உண்மைதான். அகன்ற வளைவுள்ள டிராக்கில் தாமதமாகக் கிளம்பிக் கடைசியில் வேகமெடுக்கும் நாய் ஒன்று, இறுக்கமான டிராக்கில் நெரிசலில் சிக்கி மட்டமாகத் தெரிவதுண்டு. அதை மலிவாக வாங்கிப் பயனடைந்தவர்களும் உண்டு. ஆனால் அந்த இரண்டு குறிகளில் எது முதலில் வருகிறது? தாமதமாகக் கிளம்பியது முதலில். பின்னால் கிளம்பிய நாய், முன்னே உள்ளவை வளைவில் ஒன்றுகூடும் நேரத்தில் சரியாக அவற்றின் நடுவே போய்ச் சேரும். நெரிசல் அன்று துரதிர்ஷ்டமாக வந்ததா, நாயின் பழக்கமா என்பதை ஒரு வரியால் சொல்ல முடியாது. ஆகவே சொந்த மைதானத்தில் அது ஓடிய கடைசி ஆறு வரிகளையும் பாருங்கள். நான் பார்த்தேன். ஆறில் நான்கில் தாமதக் கிளம்பல். ஓட்டத்தின் தொடக்கத்தில் வெற்றிக் கோட்டை முதல்முறை தாண்டிய பகுதி நேரமும் அதையே சொல்கிறது. வளைவுகளில் இருந்த இடங்களை எண்களாக அச்சிட்டிருப்பார்கள். 5, 6, 4, 4 என்று போகும் வெளியூர் வரி பின்னாலிருந்து கொஞ்சம் முன்னேறியதைத்தான் காட்டுகிறது, பாய்ந்து வந்ததை அல்ல. எனவே விலக்கு உங்கள் நாய்க்குப் பொருந்தவில்லை. சந்தேகம் இருந்தால் பந்தயத்தின் காணொளியைத் தேடிப் பெட்டி திறக்கும் இரண்டு வினாடிகளை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

இனி விற்பவர். 600 பவுண்டுக்குப் பத்தில் ஒன்று என்றால் நாயின் விலை 6,000. அவர் அதை என்ன விலைக்கு வாங்கினார்? இந்தக் கேள்வியை எழுத்தில் கேளுங்கள். பிரிட்டனில் ஓடும் கிரேஹவுண்டுகளில் பெரும்பாலானவை அயர்லாந்தில் பிறந்தவை. அங்கே விற்பனைக்கென்றே சோதனை ஓட்டம் நடத்துகிறார்கள். இரண்டாயிரத்துக்கு வாங்கி, ஓர் அணிப் போட்டியில் ஓடவிட்டு, பத்துத் துண்டாக்கி ஆறாயிரத்துக்கு விற்பது சட்ட விரோதம் அல்ல. பகிர்ந்து வாங்குபவர்கள் மொத்த விலையைப் பெருக்கிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். பங்கு என்று சொன்னாலும் பங்குச் சந்தைப் பாதுகாப்பு எதுவும் இதற்கு இல்லை. நாயின் பதிவு, இந்தப் பந்தயத்தை ஒழுங்குபடுத்தும் கிரேட் பிரிட்டன் கிரேஹவுண்ட் வாரியத்தில் இருக்க வேண்டும். அதில் யார் பெயர் உரிமையாளராக இருக்கிறது, கூட்டாக வாங்கினால் உங்கள் குழு பதிவு செய்யப்படுகிறதா என்பதை வாரியத்திடமே கேட்டு உறுதி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ரசீது பதிவு ஆகாது. நாயை நேரில் பார்க்கும்போது காதில் பச்சை குத்திய அடையாளத்தையும் மைக்ரோசிப் எண்ணையும் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். இதைச் செய்யச் சொன்னால் சங்கடப்படுபவர்கள் நம்மவர்களில் அதிகம். 'தெரிந்தவர்தானே' என்பார்கள். தெரிந்தவர் என்பதாலேயே கேட்கப்படாமல் போகும் கேள்விகளை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

விலைக்குப் பிறகும் செலவு உண்டு. நாயை வைத்துப் பராமரிக்கும் கென்னலின் கட்டணம் நாள் கணக்கில் ஓடும், நாய் ஓடினாலும் ஓடாவிட்டாலும். பெண் நாய் இனப்பெருக்கப் பருவத்துக்கு வந்தால் பல வாரங்கள் பந்தயம் கிடையாது. கடைசிப் பருவத் தேதியை அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்து அடுத்தது எப்போது என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். உங்கள் நாய்க்கு வயது இரண்டே முக்கால். நல்ல ஓட்டம் மிஞ்சினால் இன்னும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு. அதற்குப் பிறகு விலை ஏறுவது என்ற பேச்சே கிடையாது, யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சுதான். ஓடி முடித்த நாய்களுக்கு வீடு தேடித்தர 2020இல் தொடங்கிய ஓய்வுத் திட்டத்தில் ஒவ்வொரு நாய்க்கும் 400 பவுண்ட் பிணைத்தொகை, பாதி உரிமையாளர், பாதி வாரியம் என்று வைத்தார்கள். உங்கள் நாய்க்குப் பிணைத்தொகை கட்டப்பட்டிருக்கிறதா, யார் கட்டினார் என்று கேளுங்கள். பத்துப் பேர் பங்கு வைத்த நாய், ஓய்வுபெறும் நாளில் ஒருவர் நாயும் இல்லாமல் போவதுண்டு.

டிராக்கின் பெருமையைக் காட்டி விலை ஏறும் என்றாரல்லவா, அந்தப் பெருமை எந்த நிலத்தில் நிற்கிறது என்பதையும் பாருங்கள். 1926இல் மான்செஸ்டரின் பெல் வியூவில் தொடங்கிய தொழில் இது. அந்த பெல் வியூவே 2020இல் மூடப்பட்டது. வால்தம்ஸ்டோ 2008இல், விம்பிள்டன் 2017இல், கிரேஃபோர்டு 2025 ஜனவரியில். வேல்ஸ் அரசு 2025 பிப்ரவரியில் தடை விதிக்கப்போவதாக அறிவித்துவிட்டது. குதிரைப் பந்தயத்துக்கு 1961 முதலே சட்டப்படி வரி கட்டும் புக்மேக்கர்கள், அதாவது பந்தயப் பணம் வாங்கும் நிறுவனங்கள், நாய்ப் பந்தயத்துக்கு அதில் கட்டப்படும் பணத்தில் 0.6 சதவீதம் என்று தாங்களாக விரும்பினால் கொடுக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் இதைச் சட்டமாக்க எந்த அரசுக்கும் நேரம் கிடைக்கவில்லை. 1967 முதல் பந்தயக் கடைகளுக்காகப் பகல் வேளையில் காலி இருக்கைகள் முன்னால் நாய்களை ஓட்டிப் பழகிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் கூட்டமாக வந்து 'நம் டிராக்' என்று கத்தும் அணிப் போட்டி அபூர்வமாகிவிட்டது. அதனால்தான் அது நடக்கும்போது மனம் இளகுகிறது, பை திறக்கிறது. போட்டியை ரசியுங்கள், அதில் தவறில்லை. ஆனால் டிராக் நாளை மூடப்பட்டால் உங்கள் நாய் வேறு டிராக்குக்கு மாற வேண்டும், அங்கே புதிய வளைவில் முதலிலிருந்து தரம் பெற வேண்டும். வெளி மைதானத்தில் அது எப்படி ஓடுகிறது என்பது இப்போது கண் முன்னால் இருக்கிறது.

பணம் கொடுத்துவிட்ட நண்பர்கள் நால்வரும் இந்த வாரமே பயிற்சியாளரின் பெயரைக் கேட்டு, அவரிடம் நேரடியாகப் பேசட்டும். பதிவில் தங்கள் குழு இருக்கிறதா, கென்னல் கட்டணம் யார் பெயரில் போகிறது, நாய்க்குப் பழைய காயம் உண்டா என்ற மூன்று கேள்விகள் போதும். நீங்களும் அந்த அழைப்பில் இருங்கள். பயிற்சியாளரிடம் பேச வேண்டாம், எல்லாம் என் மூலமாகத்தான் என்று விற்பவர் சொன்னால், நண்பர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். நீங்கள் எழுத வேண்டிய அவசியம் இருக்காது.