திட்டினால்தான் ஆடுவார்களா?

கேள்வி: கல்லூரிப் பெண்கள் வாலிபால் அணிக்குக் கோச்சாக இருக்கிறேன். கண்டிப்பைக் குறைத்தால் ஆட்டம் தளர்ந்துவிடுகிறது. ஆனால், இந்த வருடம் இரண்டு பேர் கிரவுண்டுக்கு வரவே பயப்படுகிறார்கள். இன்னொரு பெண் தோள்வலியை மறைத்துக்கொண்டே ஆடியிருக்கிறாள். என் அணுகுமுறையில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: நேரத்துக்கு வரச் சொல்லுங்கள், சர்வீஸை நூறு தடவை போடச் சொல்லுங்கள்; அதற்கெல்லாம் யாரும் வலியை மறைப்பதில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்த பெண்ணுக்கு, அணியில் இடம் போனால் சீட்டும் ஹாஸ்டலும் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். அந்த நிலையில் உங்கள் கோபம் அவள் காதில் மிரட்டலாகவே விழும். 'காயத்தைச் சொன்னதற்காக யாரும் இடத்தை இழக்க மாட்டீர்கள்' என்று எல்லோர் முன்னும் சொல்லுங்கள். தோள்வலிக்காரியை, பிசியோ சம்மதிக்கும்வரை ஆடவிடாமல் ஸ்கோர் குறிக்க உட்கார வையுங்கள். அதைப் பார்த்தால்தான் மற்றவர்கள் நம்புவார்கள்.

சென்னையிலிருந்து கனடா சென்று பேராசிரியரான செல்லதுரை, சாலே என்பவருடன் சேர்ந்து 1980-இல் கோச்சின் அணுகுமுறை பற்றி 40 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். பயிற்சி தருவது, வீரர்களைக் கலந்து முடிவெடுப்பது, தானே முடிவெடுப்பது, தனிப்பட்ட அக்கறை, பாராட்டு என ஐந்தையும் அது அளக்கிறது. வீரர்கள் விரும்புவதும் கோச் செய்வதும் எங்கே விலகுகின்றன என்று பார்ப்பதே இதன் பயன். அந்தக் கேள்விகளையே வைத்து அணியினருக்கு இரண்டு தாள் கொடுங்கள்: 'கோச் எப்படி இருக்க வேண்டும்', 'இப்போது எப்படி இருக்கிறார்'. மூன்றாவது தாளை நீங்களே நிரப்புங்கள். பன்னிரண்டு பேர் அணியில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் டிக் மட்டும் போதும், படிக்கும் வருடமும் ஆடும் இடமும் கேட்க வேண்டாம், தாள்களை வேறொரு ஆசிரியர் வாங்கட்டும்.

டைம் அவுட் 30 விநாடிதான். 'ஏன் இப்படி ஆடுற?' என்று கேட்டால் ஆடுகிற பெண் செய்வதற்கு ஒன்றுமில்லை. 'ஐந்தாம் இடம் காலி, அங்கே போடு' (எதிரணியின் பின்வரிசை இடது மூலை) என்றால் இருக்கிறது. ஒரு தப்புக்கே வெளியே எடுத்தால் அடுத்த தடவை பயந்து பந்தை மெதுவாகத் தள்ளுவாள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். மேட்ச்சில் யார் ஆடுவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம், தேர்வுக்காலப் பயிற்சி நேரத்தை அவர்களைக் கேட்டு வையுங்கள்.

பயப்படும் இருவரிடமும் அவர்கள் நம்பும் ஆசிரியை ஒருவர் பேசட்டும். தூக்கம், சாப்பாடு, மாதவிடாய் சரியாக இருக்கிறதா என்று கேட்கட்டும். சோர்வும் தூக்கமின்மையும் இரண்டு வாரம் நீடித்தால் மனநல ஆலோசகரிடம் அனுப்புங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மனாஸில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள்.