ஆங்கிலத்தில் 'ஹில்' என்பதற்கு ஒத்த சொற்கள் எவை? அன்றாடப் பேச்சில் எதை எங்கே பயன்படுத்துவது?

பணி நிமித்தமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரவிருப்பதாகவும், அகராதியில் 'ஹில்' என்பதற்கு நேராக ஹில்லக், நோல், மவுண்ட், ரிட்ஜ், ஸ்லோப், இன்க்ளைன் என்று அடுக்கியிருப்பதில் எதை எந்த இடத்தில் சொல்வது என்று விளங்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் டர்பன் அமைந்திருக்கும் நேட்டாலில் பல ஆண்டுகளாக வசிப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பும் எடுக்கிறேன். வீட்டிலும் வெளியிலும் ஆங்கிலமே பேசி வளரும் நம் பிள்ளைகளுக்குக் குன்று, மேடு, சரிவு என்று சொல்லிக்கொடுக்கும்போது, அவர்கள் எதையெல்லாம் 'ஹில்' என்கிறார்கள் என்று கவனிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அகராதி இச்சொற்களை ஒரே வரிசையில் நிறுத்திவிடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஆங்கிலப் பேச்சில் 'ஹில்' இரண்டு பொருள்களில் வழங்குகிறது. எட்ட நின்று பார்க்கும் குன்று ஒன்று. காலுக்கும் வண்டிக்கும் அடியில் கிடக்கும் சாலையின் ஏற்ற இறக்கம் மற்றொன்று. ஹில்லக், நோல், ரிட்ஜ் முதலியவை குன்றைச் சேர்ந்தவை. ஸ்லோப், இன்க்ளைன், கிரேடியன்ட் ஆகியவை சாய்வைச் சேர்ந்தவை. 'ரைஸ்' மட்டும் இரண்டு பக்கமும் போய் வரும். இந்தப் பிரிவினை மனத்தில் பதிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் எதிர்பார்க்காதது இந்தச் சாய்வுப் பொருள்தான். 1921 முதல் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடைபெறும் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றி இங்கே யாரிடம் பேசினாலும், கௌவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இன்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் ஆகிய ஐந்து 'ஹில்'களைப் பற்றிய பேச்சு வந்துவிடும். ஓடுபவர்களுக்கு அவை தலைநிமிர்ந்து பார்க்கும் குன்றுகள் அல்ல, மூச்சு வாங்க வைக்கும் சாலை ஏற்றங்கள். போத்தாஸ் ஹில் ஓர் ஊரின் பெயரும் ஆகிவிட்டது. ஓட்டுநர் உரிமத் தேர்விலும் இதே பொருள்தான். சாய்வான தரையில் நிறுத்திய வண்டியைப் பின்னோக்கி உருளவிடாமல் முன்னே எடுக்க வேண்டும். கொஞ்சம் உருண்டாலும் அத்தோடு தேர்வு முடிந்தது. தேர்வு விதியில் இதற்கு 'இன்க்ளைன் ஸ்டார்ட்' என்று பெயர். பேச்சில் எல்லோரும் 'ஹில் ஸ்டார்ட்' என்பார்கள். இன்க்ளைன், கிரேடியன்ட் இரண்டும் பொறியாளருக்கும் தேர்வாளருக்கும் உரிய சொற்கள். கடைக்கு நடந்து போகிறவர் 'இன்க்ளைன் ஏறினேன்' என்று சொன்னால் சிரிப்பார்கள்.

வீடு தேடும்போது 'பேங்க்' என்ற சொல்லும் காதில் விழும். சாட்ஸ்வொர்த், ரிசர்வாயர் ஹில்ஸ் போன்ற பகுதிகளில் வீடுகள் சரிவை வெட்டித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. அப்படி வெட்டியதால் மனைக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ செங்குத்தாக நிற்கும் மண்மேட்டுச் சரிவுக்குத்தான் அந்தப் பெயர். பணம் போடும் வங்கியோ ஆற்றங்கரையோ அல்ல. 2022 ஏப்ரலில் பெய்த பெருமழையில் இத்தகைய சரிவுகள் பல இடங்களில் பெயர்ந்து வீடுகளின்மேல் விழுந்தன. ஆகவே வீட்டுக்காரர் 'பின்னால் ஒரு பேங்க் இருக்கிறது' என்று சாதாரணமாகச் சொன்னாலும், தடுப்புச்சுவர் எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிடுங்கள்.

இனி, குன்று என்ற பொருளில் வருபவை. இங்கே உருவமும் அளவும்தான் சொல்லைத் தீர்மானிக்கின்றன. ஹில்லக் என்பது சிறு குன்று. நோல் அதனினும் சிறியது, உச்சி உருண்ட மேடு. இரண்டும் எழுத்தில் வருமே தவிர, பேச்சில் அரிது. மவுண்ட் இன்று பெரும்பாலும் பெயர்களில்தான் உயிரோடு இருக்கிறது. ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்களுக்குப் பேர்போன மவுண்ட் எட்ஜ்கம்ப் என்ற ஊரில் மலை எதையும் தேட வேண்டாம். ரிட்ஜ் என்றால் நீண்டு செல்லும் முகடு; டர்பன் நகருக்குப் பின்னால் பெரேயா என்ற மேட்டுப்பகுதி நீண்டு கிடக்கிறதே, அதைப் பார்த்தால் விளக்கமே தேவையில்லை. துறைமுகத்துக்குத் தெற்கே கடலை நோக்கி நீண்டிருக்கும் மேட்டுக்கு 'பிளஃப்' என்று பெயர்.

குன்று எத்தனை உயரத்தில் மலையாகிறது என்று சிலர் கேட்பதுண்டு. பிரிட்டனில் 2,000 அடியை எல்லையாகக் கொள்ளும் வழக்கம் உண்டு; உலகத்துக்கே பொதுவான வரையறை எதுவும் இல்லை. கேப் டவுனில் 1,085 மீட்டர் உயரமுள்ள டேபிள் மவுண்டன் 'மவுண்டன்' என்றும், அதன் அருகில் சுமார் 350 மீட்டரே உள்ள சிக்னல் ஹில் 'ஹில்' என்றும் பெயர் பெற்றிருப்பதில் ஒழுங்கு தெரிகிறது. எல்லா இடத்திலும் அப்படி இருக்காது.

டச்சு, ஆஃப்ரிகான்ஸ் மொழிகளிலிருந்து வந்து இந்நாட்டு ஆங்கிலத்தில் கலந்துவிட்ட சொற்களையும் விட்டுவிடக் கூடாது. 'கொப்' என்றால் தலை, அதிலிருந்து குன்று. 'கொப்பி' அதன் சிறு வடிவம். கரூ வறள்நிலத்தில் தனித்தனியே நிற்கும் பாறைக் குன்றுகளுக்கு இப்பெயர். நம் மதுரை, தேனிப் பக்கத்தில் 'கரடு' என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். 1900 ஜனவரியில், பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் இடையே மூண்ட போயர் போரின் பெரும் சண்டை நடந்த ஸ்பியன் கொப் என்ற குன்றின் பெயர்தான், பின்னர் இங்கிலாந்தில் லிவர்பூல் கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு வைக்கப்பட்டது. காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினர் காயம்பட்டவர்களைச் சுமந்ததும் ஸ்பியன் கொப்பில்தான். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். 'ராண்ட்' என்றால் முகடு. ஜோகன்னஸ்பர்க் அமைந்திருக்கும் விட்வாட்டர்ஸ்ராண்ட் முகட்டிலிருந்துதான் 1961இல் வந்த நாணயத்துக்கும் அந்தப் பெயர் கிடைத்தது.

மரபுத்தொடர்களில் ஒத்த சொல்லை மாற்றிப் போட இடமே இல்லை. 'ஓவர் த ஹில்' என்றால் காலம் கடந்துவிட்டவர் என்று பொருள்; அலுவலகத்தில் மூத்தவரைப் பற்றி விளையாட்டாகக்கூடச் சொல்ல வேண்டாம். 'ஆஸ் ஓல்ட் ஆஸ் த ஹில்ஸ்' என்பது மிகப் பழமையானது என்பதைக் குறிக்கும், அதில் இழிவு இல்லை. 'மோல்ஹில்'லை, அதாவது அகழெலி தோண்டிய சிறு மண்குவியலை, மலையாக்குவது, நாம் ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவதுதான். 'அப்ஹில்' எப்போதும் கடினத்தையே குறிக்கும். ஆனால் 'டவுன்ஹில்' இரண்டு பக்கமும் வெட்டும்: ஒரு வேலை இனிமேல் டவுன்ஹில் என்றால் சுலபம் என்று பொருள், ஒரு நிறுவனமோ ஒருவரின் உடல்நிலையோ டவுன்ஹில் போகிறது என்றால் சீரழிவு என்று பொருள். 'டவுன்ஹில் ஃப்ரம் ஹியர்' (இங்கிருந்து இனி டவுன்ஹில்) என்று சேர்த்துச் சொல்லும்போது எதைச் சொல்கிறார்கள் என்பது இங்கேயே பிறந்தவர்களுக்கும் சில வேளை பிடிபடுவதில்லை. அவர்களும் திரும்பக் கேட்டுத்தான் தெளிந்துகொள்கிறார்கள்.