குறட்டை நிற்கும் நேரத்தை எண்ணுங்கள்

கேள்வி: எனக்கு வயது 39, கணவருக்கு 46. வாலாஜாபேட்டையில் இருக்கிறோம். அவருக்கு ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். காலை 5.20க்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அதனால் 9 மணிக்குச் சாப்பிட்டு 9.30க்கெல்லாம் படுத்துவிடுவார். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மிஷினை விட்டு எழுந்திருக்க 11.30 ஆகும், தூக்கம் வர 12.30. அவருக்கு ஃபேன் 5இல் ஓட வேண்டும். எனக்கு 2க்கு மேல் போனால் கால் விறைத்துவிடும். 4.30க்கு அவருடைய அலாரம் மூன்று தடவை அடிக்கும். பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் வராது. பையனைப் பள்ளிக்குக் கிளப்ப 6 மணிக்கு எழுந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை 8.30 வரை தூங்கினால் 'சோம்பேறி' என்கிறார். நான் படுத்தவுடன் காலைத் தேய்த்துக்கொண்டே இருப்பதால் அவர் தூக்கம் கெடுகிறதாம். ஹாலில் பாய் போட்டுத் தனியாகப் படுத்துக்கொள்ளலாமா? மாமியார் என்ன நினைப்பாரோ என்று தயக்கம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அரை தூக்க மாத்திரை போடலாமா? இன்னொன்று, அவர் பலமாகக் குறட்டை விடுவார். சில சமயம் குறட்டை நின்று, கொஞ்சம் கழித்து மூச்சு முட்டியவர் போலத் துள்ளிவிட்டு மறுபடி விடுவார். அது பழகிவிட்டது. பிபி மாத்திரை சாப்பிடுகிறார்.

பதில்: ஃபேனுக்கும் அலாரத்துக்கும் வழி இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் 'அது பழகிவிட்டது' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றதெல்லாம் இரண்டு பேருடைய பழக்கம். இது நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து மூச்சுப் பாதையைக் குறுக்குகிறது. குறுகிய வழியில் காற்று போகும்போது மேல்வாயின் பின்பக்க மென்சதை அதிர்வதுதான் குறட்டை. வழி முழுவதும் அடைத்துக்கொண்டால் சத்தம் நின்றுவிடும். 'அப்பாடா, நிம்மதியாகத் தூங்குகிறார்' என்று பக்கத்தில் இருப்பவர் நினைக்கும் அந்த நேரத்தில்தான் காற்றே உள்ளே போகவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை சில நொடி விழித்துத் தசைகளை இறுக்குகிறது, பாதை திறக்கிறது. நீங்கள் பார்த்த துள்ளல் அதுதான். அவருக்கு இது எதுவும் ஞாபகம் இருக்காது. 'நான் எங்கே குறட்டை விட்டேன்?' என்று கேட்டால் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள்.

மூச்சு 10 நொடிக்கு மேல் நின்றால் அதைத் தூக்க மூச்சுத்தடை என்று கணக்கில் எடுப்போம். நீங்கள் எப்படியும் 12 மணிவரை விழித்திருக்கிறீர்கள். இரண்டு மூன்று இரவு இதைச் செய்யுங்கள். குறட்டை நின்றதும் அவர் வயிற்றையும் நெஞ்சையும் பாருங்கள். நெஞ்சு உள்வாங்க, வயிறு மட்டும் எம்பும். இரண்டும் ஏற்றம் போல மேலும் கீழும் எதிரெதிராக ஆடும், ஆனால் மூக்கில் சத்தம் வராது. ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று எண்ணினால் ஏறக்குறைய நொடிக் கணக்கு வந்துவிடும். போனில் நெஞ்சும் முகமும் தெரிகிற மாதிரி இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள். அரை மணி நேரத்தில் எத்தனை முறை நின்றது என்று ஒரு தாளில் கோடு போட்டு வையுங்கள். மருத்துவருக்கு அந்தத் தாளே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

தையல் டேப் உங்கள் கழுத்திலேயே தொங்கும். அவர் கழுத்தைக் குரல்வளைக்குக் கீழே சுற்றி அளந்து பாருங்கள். மருத்துவர்கள் எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறோம்: பலமான குறட்டை, பகலில் அசதி, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, உயர் ரத்த அழுத்தம், உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ) 35க்கு மேல், வயது 50க்கு மேல், கழுத்து 40 செ.மீ.க்கு மேல், ஆண் என்பது. மூன்றுக்கு 'ஆம்' வந்தாலே பரிசோதனைக்கு அனுப்புவதைப் பற்றி யோசிப்போம். உங்கள் கடிதத்திலேயே நான்கு வந்துவிட்டது. கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தலை சாய்கிறதா, காலையில் வாய் உலர்ந்து தலை பாரமாக இருக்கிறதா, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுகிறாரா என்றும் கவனியுங்கள். இரவில் அடிக்கடி சிறுநீர் போனால் சர்க்கரை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மூச்சுத்தடையாலும் அது வரும். பிபி மாத்திரை கூடிக்கொண்டே போயும் அளவு இறங்காமல் இருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அவர் பைக் ஓட்டுபவரானால், குறிப்பாகச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவரானால், பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நுரையீரல் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டினால் தூக்கப் பரிசோதனைக்கு எழுதித் தருவார்கள். மூக்கில் ஒரு சிறு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பெல்ட், விரலில் ஆக்சிஜன் கிளிப், இவற்றோடு ஓர் இரவு தூங்க வேண்டும். முழுப் பரிசோதனையில் தலையிலும் ஒயர்கள் ஒட்டுவார்கள். சிலருக்குக் கருவியை வீட்டுக்கே கொடுத்தனுப்புவதும் உண்டு. மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதுதான் முடிவில் பார்க்க வேண்டிய எண். 5க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

நடுத்தரத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் சிபேப் கருவி. 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய முறை. மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கும். முதல் வாரத்திலேயே பலர் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மாஸ்க் அளவு சரியில்லாததுதான். காற்று கண் பக்கம் கசிந்தால் வாரை இறுக்குவதை விட்டு அளவை மாற்றிக் கேளுங்கள். வாய் திறந்து தூங்குபவருக்கு மூக்கு மாஸ்க் மட்டும் போதாது. பவர்கட்டில் கருவி நின்றால் உடனே மாஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். இன்வர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஈரப்பதத்துக்கான ஹீட்டரை அணைத்துவிட்டால் ஒரு சீலிங் ஃபேன் அளவுக்குக்கூட அது கரண்ட் இழுக்காது.

பரிசோதனை நாள் வரும்வரை செய்யக்கூடியது: ஒருக்களித்துப் படுக்க வைப்பது. சொன்னால் தூக்கத்தில் மறந்துவிடும். அவருடைய பழைய பனியனில் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகுப்பக்கம் ஒரு பை தைத்து, டென்னிஸ் பந்தை வைத்து வாயை மூடித் தைத்துவிடுங்கள். உங்களுக்குப் பத்து நிமிட வேலை. மல்லாந்தால் உறுத்தும், தானே திரும்பிவிடுவார். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்து 15 செ.மீ. உயர்த்தலாம். இரண்டு தலையணை வைப்பது அதற்கு ஈடாகாது. கழுத்து மடங்கி அடைப்புதான் கூடும். 9 மணிச் சாப்பாட்டை 7.30க்குக் கொண்டுவாருங்கள். குடிப்பழக்கம் இருந்தால் இரவில் அது கூடாது, தொண்டைத் தசையை இன்னும் தொய்ய வைக்கும். பருமனாக இருந்தால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மூச்சு நிற்கும் எண்ணிக்கை ஏறக்குறைய கால் பங்கு இறங்கும்.

இப்போது ஃபேன். இதில் இரண்டு பேர் சொல்வதும் சரி. நம் பக்கத்துக் கோடையைச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுகிற வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை, அந்தச் சூட்டை இரவில்தான் கக்குகிறது. அவர் படுக்கும் 9.30க்குக் கூரைக்கு அடியில் இருப்பது அனல். ஃபேனை 5இல் வைத்தால் அந்த அனலையே கீழே இறைக்கும். ஆனாலும் வியர்வை உலர்வதால் அவருக்கு இதமாக இருக்கும். தூக்கம் வருவதற்கு உடம்பின் உட்சூடு இறங்கியாக வேண்டும், அதனால் அவர் காற்றைத் தேடுகிறார். அந்த உட்சூடு விடியற்காலை 3, 4 மணி வாக்கில் ஆக அடிமட்டத்துக்கு வரும். கனவுத் தூக்கமும் பின்னிரவில்தான் அதிகம், அந்தக் கட்டத்தில் உடம்பு சூட்டைச் சரிசெய்துகொள்வது மந்தமாகிவிடும். ஆகவே 10 மணிக்கு இதமாக இருந்த அதே 5, 3 மணிக்கு உங்களை விறைக்க வைக்கிறது.

சீலிங் ஃபேனை 2இல் நிறுத்துங்கள். அவர் பக்கம் கால்மாட்டில், மெத்தை மட்டத்துக்குச் சற்று மேலாக ஒரு டேபிள் ஃபேன், தலை ஆடாமல் அவர்மீது மட்டும் படும்படி. அவர் ஜன்னல் பக்கம் படுக்கட்டும். போர்வை ஒன்றே என்றால் இழுபறிதான், ஆளுக்கொன்று வேண்டும். அவருக்கு மெல்லிய துண்டு, உங்களுக்குப் போர்வை, கூடவே பருத்திச் சாக்ஸ். கால் சூடானால் தூக்கமும் சீக்கிரம் வரும். மாடி உங்களுடையதென்றால் கோடைக்கு முன் தரையில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். ஏசி இருந்தால் 26இல் வைத்து, ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள்.

அலாரம்: போனை அதிர்வில் வைத்துத் தலையணை உறைக்குள் வைக்கலாம், அல்லது கையில் கட்டும் பேண்டில் அதிர்வை வைக்கலாம். மூன்று தடவை அடிக்க வைப்பதால் அவருக்கும் லாபமில்லை, நடுவில் வருவது துண்டுத் தூக்கம். சட்டை, பர்ஸ், ஐடி கார்டு எல்லாவற்றையும் ராத்திரியே ஹாலில் எடுத்து வைத்துவிட்டால் படுக்கையறை லைட் போட வேண்டியதே இருக்காது.

அடுத்து உங்கள் கால். படுத்ததும் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது, குடைவது போல இருந்து, ஆட்டினாலோ எழுந்து நடந்தாலோ அடங்குகிறதா? அப்படியானால் அது அமைதியற்ற கால் என்ற தொந்தரவு. இரும்புச் சத்துக் குறைவில், அதிலும் மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உள்ள பெண்களுக்கு, இது சகஜம். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். லேப் சீட்டில் 30 என்று வந்து, பக்கத்தில் 'நார்மல்' என்றும் அச்சாகியிருக்கும். ஆனால் கால் தொந்தரவுக்கு 75க்குக் கீழே இருந்தாலே இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்ப்போம். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடலாம். டீயோடு போட்டால் பாதி வீண். குளிர் அதிகம் தாங்காததால் தைராய்டுக்கு டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நீங்கள் சோம்பேறி இல்லை. 12.30க்குத் தூங்கி 4.30க்கு விழித்தால் நாலு மணி நேரம், பிறகு வரும் அரைத்தூக்கத்தையும் சேர்த்தால் ஐந்து. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். ஆறு நாள் பாக்கியைத்தான் ஞாயிற்றுக்கிழமை கட்டுகிறீர்கள். ஆனால் 8.30 வரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். ஏழுக்கு எழுந்து, மதியம் அரை மணி படுங்கள்.

தையல் மிஷின் விளக்கு கண்ணுக்கு அருகில் வெள்ளையாக எரிகிறது. 11.30 வரை அதில் உட்கார்ந்தால் மூளை இன்னும் பகல் என்றே நினைக்கும். ஊக்கு வைப்பது, ஹெம்மிங் போன்ற கைவேலையை மஞ்சள் விளக்கில் கடைசிக்கு வைத்துக்கொண்டு, மிஷின் வேலையைப் பையன் பள்ளிக்குப் போனபிறகு செய்யுங்கள். தீபாவளி, பொங்கல் சீசனில் இது நடக்காது என்பது தெரியும். மற்ற மாதங்களிலாவது முயலுங்கள். தூங்கும் நேரத்தை ஒரேயடியாக இழுக்காமல் மூன்று நாளைக்கு 15 நிமிடமாக முன்னே கொண்டுவாருங்கள். மூன்று வாரத்தில் 10.45க்கு வந்துவிடலாம். மாலை 4 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். காலை எழுந்ததும் அரை மணி வெளிச்சத்தில் இருங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரம் அதற்குத் தோதானது.

தூக்க மாத்திரை வேண்டாம். உங்கள் பிரச்சினை தூக்கம் வராதது அல்ல, தூங்க நேரம் இல்லாதது. கடையில் எடுத்துக் கொடுக்கும் அல்பிரசோலம் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து, பழக்கமும் ஆகிவிடும். நீங்கள் வாங்கி வைத்ததை 'எனக்கும் ஒரு பாதி கொடு' என்று அவர் போட்டுக்கொண்டால் அதைவிட ஆபத்து. மூச்சு நிற்பவருக்கு அது விழிக்க வைக்கும் மூளையையே மந்தமாக்கும்.

தனியாகப் படுப்பதில் மருத்துவ ரீதியாக ஒரு குற்றமும் இல்லை. ஷிஃப்ட் வேலை உள்ள வீடுகளில் அது சாதாரணம். மாமியாரிடம் 'டாக்டர் சொன்னார்' என்றால் போதும். அவர் படுக்கும் 9.30க்கு நீங்களும் போய்க் கால்மணி பேசிவிட்டு, பிறகு வந்து வேலையைப் பாருங்கள். ஆனால் ஹாலுக்குப் பாயை எடுத்துப் போவது பரிசோதனைக்குப் பிறகு இருக்கட்டும். இப்போதே போய்விட்டால் அவர் மூச்சு நிற்பதைக் கேட்க அந்த அறையில் ஆள் இருக்காது. சிகிச்சை தொடங்கிக் குறட்டை அடங்கியதும், ஹாலுக்குப் போகத் தேவையே இல்லாமலும் போகலாம்.

மருத்துவரிடம் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். 'நல்லாத்தான் தூங்கறேன், அசதி வேலையால' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். வீடியோவையும் கோடு போட்ட தாளையும் எடுத்துக்கொண்டு கூடவே போங்கள்.