அலகிடல், எதுகை, மோனை: கேள்வி பதில்

கேள்வி: 'காலை மாலை பாடம் படிப்பேன்' என்று வெண்பாவின் முதலடி எழுதினேன். தளை தட்டுகிறது என்கிறார்கள். எங்கே?

பதில்: இரண்டு இடத்தில். தளை என்றால் ஒரு சீர் (அடியின் உறுப்பு) அடுத்த சீரோடு இணையும் முறை. சீரை அசைகளாகப் பிரித்துப் பார்ப்பது அலகிடல்: தனிக் குறிலோ தனி நெடிலோ நேரசை; குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரையசை; பின்னே மெய் வந்தாலும் அதே. கா/லை என்பது நேர் நேர், இதன் வாய்பாடு (மாதிரிச் சொல்) தேமா. நேரில் முடியும் ஈரசைச் சீரான மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும். உங்களுக்கு 'மா' என்று நேர் வருகிறது. மாலை, பாடம் சந்திப்பிலும் அதே கோளாறு. இரண்டு 'உம்' சேர்த்துப் பாருங்கள்: காலையும் மாலையும் பாடம் படிப்பேன். இப்போது கா/லையும் நேர் நிரை, கூவிளம். நிரையில் முடியும் ஈரசைச் சீரான விளத்துக்குப் பின் நேர் வரலாம். பாடம் (மா) முன் படிப்/பேன் (நிரை) சரி. நேரில் முடியும் மூவசைச் சீரான காய்ச்சீருக்குப் பின்னும் நேர்தான். இந்த மூன்றையும் விரல்நுனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லையும் எப்படி ஒரே அசை? லை நெடில் இல்லையா?

பதில்: சொல்லின் இடையிலும் கடையிலும் ஐ குறுகும், குறிலாகவே எண்ணுங்கள். அதனால் லை+யும் நிரை.

கேள்வி: முதல் குறளை அலகிட்டால் முதலடியில் ஐந்து சீர் வருகிறது.

பதில்: நீங்கள் பார்த்தது சந்தி பிரித்த பதிப்பாக இருக்கும். 'எழுத்து எல்லாம்' என்று பிரித்தால் ஐந்து. 'எழுத்தெல்லாம்' என்று சேர்த்து எழுத்/தெல்/லாம் (புளிமாங்காய்) எனக் கொண்டால் நான்கு. அலகிட உட்காரும் முன் சந்தியைச் சேர்த்துவிடுங்கள். மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். கடைசிச் சீர் 'உலகு' புளிமா அல்ல. நிரையோடு குற்றியலுகரம் (சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம்) சேர்ந்தது, வாய்பாடு பிறப்பு.

கேள்வி: 'தூஉம் மழை' என்பதில் அந்த 'உ' எதற்கு? அச்சுப்பிழையா?

பதில்: அளபெடை, அதாவது ஓசை குறையாமல் இருக்க நெடிலை நீட்டி ஒலிப்பது. எடுத்துவிட்டால் 'தூம்' ஓரசையாகி ஈரசைச் சீர் குறைந்துபோகும். தூ/உம் என நீட்டினால் தேமா, பின்னே மழை நிரை, ஓசை நிற்கிறது. 'துப்பார்க்குத் துப்பாய' எனத் தொடங்கும் அந்தக் குறளில் 'துப்பு' ஐந்து முறை வருகிறது, ஆனால் பொருள் ஒன்றல்ல: உண்பவர், நன்மை, உணவு என்று மாறும். அதனால் இது சொற்பின்வருநிலையணி, அதாவது சொல் மட்டும் திரும்ப வரும் அணி. 'செல்வத்துள் செல்வஞ் செவிச்செல்வம்' குறளில் செல்வமும் ஐந்து முறை. பொருள் மாறவில்லை, ஆகவே சொற்பொருள் பின்வருநிலை. எண்ணிக்கையை மட்டும் எழுதி நிறுத்தினால் பாதி விடைதான்.

கேள்வி: கட்டு, காட்டு எதுகைதானே?

பதில்: இல்லை. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒத்து வருவது; ஆனால் அது மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் (குறில், நெடில்) ஒத்திருக்க வேண்டும். கற்க, நிற்க என்பது எதுகை; இரண்டும் குறிலில் தொடங்குகின்றன. இந்தச் சொற்கள் வரும் 391ஆம் குறளின் முதலடியைக் கொஞ்சம் நின்று பாருங்கள்: கற்க கசடறக் கற்பவை கற்றபின். முதலெழுத்து ஒத்து வருவது மோனை; இங்கே நான்கு சீரும் 'க'வில் தொடங்குவதால் முற்று மோனை. 'ற்' 1, 3, 4ஆம் சீர்களில் வருவதால் மேற்கதுவாய் எதுகையும் உண்டு.

கேள்வி: மோனைக்கு அதே எழுத்துதான் வர வேண்டுமா?

பதில்: வேண்டாம். அ, ஆ, ஐ, ஔ ஓரினம். இ, ஈ, எ, ஏ ஓரினம். உ, ஊ, ஒ, ஓ ஓரினம். மெய்யில் ச-த, ஞ-ந, ம-வ. சிறுமைக்குத் தென்றல் மோனையாகும்.

கேள்வி: புதுக்கவிதைக்கு?

பதில்: அலகிட வேண்டியதில்லை. எந்தச் சொல் திரும்ப வருகிறது, வரி எங்கே முறிகிறது என்று பாருங்கள்.