மேலதிகாரி படிப்பார் என்று தெரிந்த பிறகும் வலைப்பூவில் சொந்த அனுபவங்களை எழுதலாமா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் இப்போதுதான் வேலையில் சேர்ந்திருப்பீர்கள் போலிருக்கிறது. பயந்துகொண்டு வலைப்பூவை அழிக்க வேண்டாம். ஆனால் பயம் வந்த பிறகு பழையபடி எழுத வராது.

நான் பொதுத்துறை வங்கி அதிகாரி. தமிழ் வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் எழுத வந்தவன். எழுதியதெல்லாம் கவுண்டரில் பார்த்ததுதான். மாதத் தொடக்கத்தில் பென்ஷன் வாங்க வரும் பாட்டி, சுருக்குப்பையிலிருந்து மடங்கிப்போன பாஸ்புக்கை எடுத்து நீட்டி, "எம்புட்டு ஏறியிருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுய்யா" என்பார். அந்த மாதிரி விஷயங்கள். வாடிக்கையாளர் பெயரோ கணக்கு விவரமோ ஒரு வரியில்கூட வந்ததில்லை. சேரும்போதே ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவன் நான். "விதி தெரியாதா?" என்று கிளம்பி வரும் பெரியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

ஒருமுறை பாஸ்புக் பிரிண்டர் வாரக்கணக்கில் ரிப்பேராகிக் கிடந்ததைக் கிண்டலடித்து எழுதினேன். புனைபெயர்தான். ஊர், வங்கி எதுவும் சொல்லவில்லை. பக்கத்து சீட்டுக்காரருக்கு அந்த பிரிண்டர் ஒன்றே போதுமானதாக இருந்தது. பதிவைத் தாளில் எடுத்து மண்டல அலுவலகத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மேலாளர் கூப்பிட்டார். மேஜையில் அந்தத் தாள். 'பிரிண்டர்' வரும் இடமெல்லாம் பச்சை மையில் கோடு. "நல்லாத்தான் எழுதுறீங்க சார், ஆனா ரீஜினல்ல ரசிக்க மாட்டாங்க" என்றார். மெமோ எதுவும் இல்லை. பிரிண்டர் சீக்கிரமே சரியாகிவிட்டது, அது வேறு கதை.

அப்புறம் எதை எழுத உட்கார்ந்தாலும் இதில் எந்த வரியில் பச்சைக் கோடு விழும் என்றுதான் முதலில் யோசனை ஓடியது. 1976இல் வந்த அதிகாரிகள் நடத்தை விதிகளின்படி பத்திரிகையில் எழுத முன்அனுமதி வேண்டும், கலை, இலக்கியம், அறிவியல் என்றால் மட்டும் விலக்கு. சரி, இலக்கியமே எழுதுவோம் என்று நானும் மழைக் கவிதையில் இறங்கினேன். பின்னூட்டங்களில் பாராட்டு குவிந்தது. அந்தக் கவிதைகளை இப்போது என்னாலேயே படிக்க முடியவில்லை.

உண்மையான நஷ்டம் 2016 நவம்பரில், பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது. 10ஆம் தேதி வங்கி திறந்தபோது வாசலில் நின்ற மாதிரி ஒரு கூட்டத்தை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. சனி, ஞாயிறும் வேலை. ஒருவருக்கு 4,000 ரூபாய் மாற்றலாம் என்றார்கள், 4,500 ஆக்கினார்கள், 18ஆம் தேதி 2,000க்கு இறக்கினார்கள். நேற்றைய கணக்கை நம்பி இன்று வந்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் கவுண்டரில் இருப்பவன்தான். நடுவில், மாற்ற வருகிறவர்களின் வலது ஆள்காட்டி விரலில் மை வைக்கச் சொன்னார்கள். ஒரு பெரியவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருக்குத் தம்பி ஓட்டுப் போட்டேன்?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. இதையெல்லாம் அன்று ராத்திரியே எழுதியிருக்க வேண்டியவன், அந்த மாதம் இளையராஜா பாடல்களைப் பற்றி ஒரு தொடர் போட்டுக்கொண்டிருந்தேன். கொள்கை சரியா தவறா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அரசியல் பேசத்தான் ஆயிரம் பேர் இருந்தார்களே. கவுண்டருக்கு உள்ளேயிருந்து பார்த்தவன் எழுதியது எத்தனை இருக்கிறது?

எழுதத் தடை, ஆனால் இன்சூரன்ஸ் விற்கத் தடையில்லை. பாஸ்புக் பதிய வந்த பாட்டியிடம் பாலிசியைத் தள்ளு, டார்கெட் முடி, முடிக்காவிட்டால் சாயங்கால வீடியோ மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொள். வங்கிப் பெயர் கெடுவது என் பதிவாலா, இதனாலா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், கேட்டுவிட்டேன்.

உங்களுக்குச் சொல்வது இதுதான்: இன்று பார்த்ததை இன்றே எழுதி வையுங்கள். எப்போது வெளியிடுவது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.